வேர்க்கடலைக்கு ரைசோபியம்: கணினி மாடலை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: குப்பத்தை அடுத்த எங்கள் ஊரில் இரண்டு இடங்களில் நிலம் இருக்கிறது. சென்ற ஆடிப்பட்டத்தில் இரண்டிலும், வேரில் முடிச்சு உண்டாக்கி அதற்குள்ளிருந்து காற்று நைட்ரஜனைச் செடிக்குத் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவை விதையோடு கலந்து வேர்க்கடலை விதைத்தோம். பல ஆண்டுகளாகக் கேழ்வரகு மட்டுமே விளைந்த மேட்டுக் கொல்லையில் செடி நல்ல கரும்பச்சையாக வந்தது. கிணற்றடியில், தக்காளி எடுத்த நிலத்தில், ஒரு பலனும் தெரியவில்லை. செடியும் பாக்டீரியாவும் சேர்ந்து இயங்குவதைக் கணினியில் மாடலாக்கினால், எந்த நிலத்துக்கு எந்தப் பாக்டீரியா பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்கிறாள் எம்.எஸ்சி. உயிர்த் தகவலியல் படிக்கும் என் மகள். மண்ணை அனுப்பினால் அப்படிச் செய்து தருவதாக ஒரு நிறுவனத்தாரும் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மகள் சொல்வதில் அறிவியல் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்த வகை மாடல் விடை சொல்லும் கேள்வி வேறு, உங்கள் இரண்டு நிலங்களும் எழுப்பும் கேள்வி வேறு.

ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்து, அதில் எந்தெந்த நொதிகளுக்கான மரபணுக்கள் உள்ளன என்று கண்டு, அவை நடத்தக்கூடிய வேதிவினைகளை எல்லாம் ஒரே பட்டியலாகத் தொகுக்கிறார்கள். பிறகு கடைக்காரர் பேரேட்டில் வரவையும் செலவையும் நேர் செய்வதுபோல, செல்லுக்குள் உண்டாகும் ஒவ்வொரு பொருளும் அதே அளவில் செலவாகியே தீர வேண்டும் என்ற நிபந்தனையை வைத்து, எந்த வினை எந்த வேகத்தில் நடந்தால் வளர்ச்சி உச்சத்தை எட்டும் என்று கணினி கணக்கிடுகிறது. ஃபிளக்ஸ் பேலன்ஸ் அனாலிசிஸ் என்பது இதுதான். மரபணுத் தொகுதி முழுவதையும் கொண்டு இப்படி ஒரு மாடல், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பாக்டீரியாவுக்கு 1999-லேயே வந்துவிட்டது. செடிக்கும் இதே போன்ற பட்டியலைத் தயாரித்து இரண்டையும் இணைத்தால் கூட்டு வாழ்வின் மாடல் கிடைக்கிறது. செடி மாலேட் போன்ற கரிமப் பொருள்களை வேர் முடிச்சுக்குள் அனுப்புகிறது. பாக்டீரியா அம்மோனியாவைத் திருப்பித் தருகிறது. காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளாக மாற்ற 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகிறது என்பதால், இந்தப் பரிமாற்றம் செடிக்கு இலவசமாக வருவதில்லை. அந்தச் செலவு எங்கே கூடுகிறது, எந்த வினையை நிறுத்தினால் முடிச்சு செயலிழக்கும் என்பதையெல்லாம் சொல்வதில் இந்த மாடல்கள் உண்மையிலேயே திறமையானவை.

குதிரைமசாலுக்கு நெருங்கிய உறவான மெடிக்காகோ ட்ரங்கட்டுலா என்ற செடிக்கும் அதன் பாக்டீரியாவுக்கும் 2020-ல் ஒரு விரிவான மாடல் வெளியானது. அதை அப்படியே வேர்க்கடலைக்கு மாற்றிப் போட முடியாது. மெடிக்காகோவில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழைகிறது. முடிச்சும் நீளவாக்கில் வளர்ந்துகொண்டே போவதால், அதன் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வளர்ச்சி நிலையில் இருக்கிறது. வேர்க்கடலையிலோ பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்திலுள்ள பிளவு வழியாக பாக்டீரியா நுழைகிறது. முடிச்சு உருண்டையாக வளர்ந்து நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, வேர்க்கடலை இரண்டு காட்டு இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒருசேரச் சுமக்கும் பயிர் என்பதால், பெரும்பாலான மரபணுக்களுக்கு இரண்டு நகல்கள் உள்ளன. முடிச்சுக்குள் எது வேலை செய்கிறது என்று பிரித்தறிவதே தனி வேலை.

இவை எல்லாம் சரியாகிவிட்டாலும், உங்கள் கொல்லையில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பது அந்த மாடலுக்குத் தெரியாது. பாக்கெட்டில் வந்த பாக்டீரியா எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், மண்ணில் பல ஆண்டுகளாக வாழும் உள்ளூர் ரைசோபியம் முந்திக்கொண்டு முடிச்சுகளைப் பிடித்துவிட்டால் அதற்கு இடம் கிடைக்காது. ஹவாயில் நடந்த வயல் ஆய்வுகளை வைத்து 1991-ல் வெளியிடப்பட்ட ஒரு மாடல் மரபணுவைத் தொடவே இல்லை. ஒரு கிராம் மண்ணில் எத்தனை உள்ளூர் ரைசோபியம் உள்ளது, மண்ணில் செடிக்குக் கிடைக்கும் நைட்ரஜன் எவ்வளவு என்ற இரண்டையும் கொண்டு, பாக்டீரியா இடுவதன் பலனைக் கணித்தது. உள்ளூர் எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலே பலன் மளமளவென்று குறைந்தது. எளிமையாக இருந்தாலும், விவசாயிக்கு உதவும் மாடல் என்று நான் கருதுவது இதைத்தான்.

இதை உங்கள் நிலங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். வேர்க்கடலை பாக்டீரியாவைத் தேர்ந்தெடுப்பதில் கறார் காட்டாத பயிர். காராமணி, துவரை போன்றவற்றில் முடிச்சிடும் பாக்டீரியாக்களையும் ஏற்றுக்கொள்ளும். மேட்டுக் கொல்லையில் கேழ்வரகுக்கு நடுவே அவரை, துவரை எதையும் ஊன்றவில்லை என்றால், அங்கே உள்ளூர் ரைசோபியம் குறைவாக இருந்து, நீங்கள் கலந்தது எடுபட்டிருக்கலாம். தக்காளிக்கு அள்ளிக் கொட்டிய உரம் கிணற்றடி மண்ணில் நைட்ரேட்டாக மிஞ்சியிருந்தால், செடி முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடிகிறது. ரைசோபியம் கலக்காத வரிசை ஒன்றுகூட விடவில்லை போலிருக்கிறது, ஆகவே ஒப்பிட வழியில்லை.

வரும் பட்டத்தில் இரண்டு நிலத்திலும் சில சால்களைக் கலக்காத விதையால் விதையுங்கள். கையிலும் கூடையிலும் பாக்டீரியா ஒட்டிக்கொள்வதற்கு முன்பே அந்தச் சால்களை முடித்துவிட வேண்டும். பூசணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முந்தைய நாளே கலந்துவிட்டு, ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து விதைக்கும் நாளில் சேர்த்து, நிழலில் உலர்த்துங்கள். 40 முதல் 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது, இரண்டு வகைச் சால்களிலும் சில செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். பிறகு முடிச்சுகளை எண்ணி, பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் லெகீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் இருக்கிறது, முடிச்சு வேலை செய்கிறது; பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இல்லை.

கலந்த சாலிலும் கலக்காத சாலிலும் சிவந்த முடிச்சுகள் ஒரே அளவில் இருந்தால், அந்த நிலத்துக்குப் பாக்கெட் தேவையில்லை. இரண்டிலுமே முடிச்சு அரிதாக இருந்தால், மண் பரிசோதனை நிலையத்தில் கார அமிலத் தன்மையையும் நைட்ரஜனையும் பார்த்துவிட்டு, அடுத்த பயிருக்கு யூரியாவைக் குறையுங்கள். மகளிடம் அந்த எண்ணிக்கைகளைக் கொடுங்கள். 1991-ன் மாடலுக்கு வேண்டிய நைட்ரஜன் அளவு மண் அறிக்கையிலேயே இருக்கும், உள்ளூர் ரைசோபியத்தின் எண்ணிக்கையை அவருடைய கல்லூரி ஆய்வகத்திலேயே கணிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.