லெட்வில் மலைச் சைக்கிள் போட்டியில் ஓடும் கணவருக்கு எப்படித் துணை நிற்பது?

உங்கள் கணவர் அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள லெட்வில் 100 மைல் போட்டியில் சைக்கிள் ஓடப்போகிறார் என்றும், உணவு கொடுப்பதைத் தவிர உங்களால் வேறென்ன செய்ய முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தவன். மலைநாட்டு நெடுந்தூரப் போட்டிகளில் ஓடும் என் மனைவிக்குத் துணையாகப் போய்வரும் பழக்கத்தில் எழுதுகிறேன்.

உணவு கொடுப்பதுதான் தலையாய வேலை. பாதித் தூரம் கடந்தவருக்கு யோசித்து முடிவெடுக்கும் தெம்பு இராது. அவருக்காக நீங்களே யோசிக்க வேண்டும். "என்ன வேணும்?" என்று கேட்டால் என் மனைவி "ஒண்டும் வேண்டாம்" என்றுதான் சொல்லுவார். ஆகவே நான் கேட்பதில்லை. வெறும் போத்தலை உருவிவிட்டு, உப்பும் சீனியும் கரைத்த போத்தலைச் செருகி, உரித்த வாழைப்பழத்தைக் கையில் வைத்து, சேறு படிந்த கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இத்தகைய ஓட்டத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும். தொடக்கத்தில் பனங்கட்டியை விரும்பிக் கேட்பவர், மத்தியானத்துக்குப் பிறகு இனிப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார். அப்போது உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்குதான் இறங்கும். தண்ணீரை மட்டும் வற்புறுத்திக் குடிக்க வைக்காதீர்கள். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடியும் வாந்தியும் வரும். பேச்சுத் தடுமாறினால் உடனே மருத்துவக் குழுவிடம் ஒப்படையுங்கள்.

லெட்வில் போன வழியாலேயே திரும்பும் போட்டி என்பதால் ட்வின் லேக்ஸ் என்ற உதவி நிலையத்தில் அவரை இரண்டு முறை காண்பீர்கள். முதல்முறை, ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்திலுள்ள கொலம்பைன் சுரங்கத்துக்கு ஏறப்போகிறவரிடம் மேலே போட மெல்லிய மழை அங்கியைக் கட்டாயம் கொடுங்கள். இறங்கி வருபவர் வேறு ஆளாக இருப்பார். அவருக்கே கூடுதலான நேரத்தை ஒதுக்குங்கள். மேடே இல்லாத எங்கள் குடாநாட்டில், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றுக்கு ஓடித்தான் என் மனைவி காலுக்கு வலுவேற்றுகிறார். உயரத்தில் மூச்சு வாங்குவதைச் சமாளிக்க அங்கே அப்படியொரு எளிய மாற்றுவழி கிடையாது. லெட்வில் நகரமே 3,000 மீற்றருக்கு மேலிருப்பதால், இயன்றவரை முன்கூட்டியே போய்த் தங்கி உடம்பைப் பழக்குங்கள்.

பின் கியரைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டு ஒன்று மேலதிகமாக உங்கள் பையில் இருக்கட்டும். சைக்கிளின் சட்டத்துக்கு (frame) ஏற்ப அது வேறுபடும் என்பதால், முறிந்தால் கடையில் தேடிப் பிடிப்பது கடினம். குறித்த இடங்களுக்கு வெளியே உதவினால் பல போட்டிகளில் ஓடுபவரை விலக்கிவிடவும் கூடும். விதிகளை நீங்களும் வாசியுங்கள்.

எதற்காக நிறுத்துவது என்பதை ஒரு கிழமைக்கு முன்னரே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். தலையில் அடிபட்டாலோ, எலும்பு முறிந்தாலோ, நினைவு தடுமாறினாலோ நிறுத்துவது என்பது எங்கள் வீட்டு உடன்பாடு. அலுப்பும் அழுகையும் அதில் இல்லை. அழுபவரைப் பார்த்து "வாரும், வீட்டை போவம்" என்று சொல்ல மனம் துடிக்கும். அன்புதான் அப்படிச் சொல்லச் சொல்கிறது, ஆனாலும் சொல்லாதீர்கள். நிறுத்தத்தான் நேர்ந்தால் அன்றைக்கே காரணம் கேட்க வேண்டாம். காய்ந்த உடுப்பு மாற்றி, சூடாகக் குடிக்க ஏதாவது கொடுத்து, சைக்கிளை நீங்களே வாகனத்தில் ஏற்றிவிடுங்கள்.