அவருக்கு முதலை, எனக்குக் குதிரை

கேள்வி: அக்கா, நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்துல வளர்ந்தவ, ஆறு வருஷமா டிரெஸ்ஸாஜ் ஓட்டுறேன், அதான் குதிரைய நடனம் மாதிரி அசைய வச்சு ஓட்டுற போட்டி. பிப்ரவரியில ரெண்டு வாரம் லீவு. எனக்குப் பெரிய ரைடருங்க ஓட்டுறத நேர்ல பார்க்கணும், வீட்டுக்காரருக்குக் காட்டு மிருகம் பார்க்கணுமாம். ஒரே டிரிப்புல முடியுமா, இல்ல வீட்டுல சண்டைதானா?

பதில்: சண்டையே வேணாம் தங்கச்சி, பிப்ரவரின்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. ஜெர்மனி ஆகென் போட்டி பெருசுதான், ஆனா அது கோடையில, அங்க போனா உங்க வீட்டுக்காரர் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு காப்பிக் கடையிலதான் உக்காந்திருப்பாரு. ஃப்ளோரிடாவுல வெலிங்டன்னு ஒரு ஊரு, ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் அங்க டிரெஸ்ஸாஜ் சீசன், பனிக்குப் பயந்து பெரிய ரைடருங்க குதிரையோட அங்க வந்து எறங்கிடுவாங்க. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்கும் அதுதான் வறட்சிக் காலம், தண்ணி வத்தி மீனெல்லாம் மிச்சக் குட்டையில வந்து சேர, கொக்கும் முதலை மாதிரி இருக்கிற அலிகேட்டரும் பின்னாடியே வந்துடும், கொசுவும் கம்மி.

குதிரை பார்க்கிற விஷயத்துல ஒன்னு மட்டும் கேளுங்க. போட்டி ஆரேனா 60க்கு 20 மீட்டர், அதுக்குள்ள ஓட்டுறது ஆறு நிமிஷம் போலதான், அத வீடியோவுலயும் பார்த்துக்கலாம். நீங்க போய் நிக்க வேண்டிய எடம், போட்டிக்கு முன்னாடி குதிரைய தயார் பண்ணுற வார்ம்-அப் எடத்து வேலி ஓரம். நான் போனப்ப ஒரு பொண்ணு பியாஃபே கேட்டுச்சு, அதாங்க நின்ன எடத்துலயே குதிரை துள்ளு நடை போடுறது, குதிரை வாலச் சுழட்டி முரண்டு புடிச்சுது, அவ அடிக்கவும் இல்ல உதைக்கவும் இல்ல, ரெய்ன, அதான் கடிவாள வார, நீட்டி விட்டு ரெண்டு ரவுண்டு சும்மா நடக்க விட்டா, குதிரை மூக்கால புர்ர்ருன்னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு, அதுக்கப்புறம்தான் மறுபடி ரெய்ன எடுத்தா. டிக்கெட் காசு எனக்கு அங்கயே வசூல். 2023 ஹாங்சோவ் ஆசியப் போட்டியில தனிநபர் தங்கம் வாங்குனாரே நம்ம மலேசியா ரைடர் காபில் அம்பாக், அவரும் இந்த மாதிரி எத்தன பெருமூச்சுக்குக் காத்திருந்தாரோ.

மிருகத்துக்குக் காலையில சீக்கிரம் கெளம்பிடுங்க. லாக்ஸஹாட்சி சதுப்புநிலம் வெலிங்டனுக்குப் பக்கத்துலயே இருக்கு. எவர்கிளேட்ஸ் பார்க்குக்கு முழுசா ஒரு நாள் ஒதுக்குங்க, அன்ஹிங்கா டிரெய்ல்ல அலிகேட்டர் நடைபாதை ஓரமா பழைய டயர் மாதிரி கெடக்கும், நம்ம தோட்டத்து டிச்சுல பியாவாக், அதான் உடும்பு, கெடக்குமே அதே சோம்பேறித்தனம், ஆனா இத குச்சியால குத்திப் பார்க்காதீங்க. முதலையும் அலிகேட்டரும் காட்டுல சேர்ந்து வாழுறது உலகத்துலயே அந்தத் தெற்கு ஃப்ளோரிடாவுல மட்டும்தான், இதச் சொல்லிப் பாருங்க, வீட்டுக்காரர் பேக்க கட்டிடுவாரு. குளிரு நல்லா அடிச்சுதுன்னா ரிவியரா பீச்சுக்கு ஓடுங்க, பவர் ஸ்டேஷன் சுடுதண்ணி தேடி மானட்டீ வரும், நம்ம டுகோங்குக்கு, அதான் கடல் பசுவுக்கு, சொந்தக்காரன்.

தெனம் ஹோட்டல் மாத்தாம ஒரே எடத்துல தங்குங்க, வெலிங்டனுக்குள்ள சீசன்ல வாடகை ஏறிடும், கொஞ்சம் தள்ளிப் பாருங்க. கார் எடுத்தீங்கன்னா அங்க வலது பக்கம் ஓட்டணும், மொத நாள் வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு நீங்க பக்கத்துல உக்காந்து கத்துங்க. அமெரிக்காவுக்கு நமக்கு விசா கட்டாயம், இன்டர்வியூ தேதிய இப்பவே எடுங்க, டிக்கெட்ட அப்புறம் பார்த்துக்கலாம்.