உடைந்த ரெசின் சிலையை வீட்டிலேயே சரிசெய்வது: கேள்வி பதில்

கேள்வி: என் சிலை ரெசினா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா? உடைந்த இடம் வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி போல இருக்கிறது.

வெள்ளையாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அலங்காரச் சிலைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் ரெசினில் கல்தூளைக் கலந்து வார்க்கப்பட்டவை. கனமும் வெள்ளை நிறமும் அந்தத் தூளால் வருபவை. உடைந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் பிளாஸ்டர், முத்தாக நின்றால் ரெசின். நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டர் மாவாக உதிரும், ரெசினில் கீறல்கூட விழாது.

கேள்வி: நடனச் சிலையின் நீட்டிய கை மணிக்கட்டுக்கு மேலே உடைந்துவிட்டது. சூப்பர் க்ளூ போட்டு இரண்டு முறை ஒட்டியும் விழுந்துவிட்டது. எந்தப் பசை சார் நிற்கும்?

பசையை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே கம்பி வேண்டும். நீட்டிய கையின் முழு எடையும் அந்தச் சின்ன வட்டத்தில் நெம்புகோலாக இழுக்கிறது. சூப்பர் க்ளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், ஒரு தட்டுத் தட்டினாலே விட்டுவிடும். போதாததற்கு இப்போது இரண்டு முறை போட்ட பழைய பசையும் மேலே இருக்கிறது. அதன்மேல் எதை ஒட்டினாலும் பழைய பசையோடு சேர்ந்து உரிந்து வரும்.

முதலில் அதை எடுங்கள். பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு, உடைந்த முகத்தில் மட்டும் துடையுங்கள். பக்கத்துப் பெயின்டில் பட்டால் பெயின்ட் கரைந்துவிடும் என்பதால் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஊற வைக்க வேண்டாம், ரெசினும் இளகும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. மிச்சத்தைப் பிளேடு முனையால் சுரண்டுங்கள். அந்த முகத்தை உப்புத்தாள் போட்டுச் சமமாக்கிவிடாதீர்கள். அந்த மேடுபள்ளம்தான் இரண்டு துண்டையும் சரியாகக் கவ்வ வைக்கிறது.

அடுத்தது கம்பி. 12 மி.மீ. தடிமனான கைக்கு 2 மி.மீ. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போதும். சாதா இரும்பு வேண்டாம். துருப்பிடித்தால் பருத்து ரெசினை உள்ளிருந்தே பிளக்கும். தோள் பக்கத் துண்டில் நடுவில், கை போகும் திசையிலேயே, 10 மி.மீ. ஆழம் துளையிடுங்கள். துளை விளிம்பில் ஈரப் பெயின்டைப் புள்ளியாக வைத்து, மற்றத் துண்டைச் சரியாகப் பொருத்தி ஒருமுறை அழுத்தி எடுத்தால் எதிர்ப்பக்கம் தடம் விழும். அங்கே அடுத்த துளை.

எவ்வளவு பார்த்துப் போட்டாலும் இரண்டு துளையும் நூல் பிடித்தது போல் நேராக அமையாது. அதனால் இரண்டாவது துளையை மட்டும் 3 மி.மீ. ஆக்கிவிடுங்கள். கம்பி கொஞ்சம் அசைய இடம் கிடைக்கும், இடைவெளியை எபாக்சி (இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பசை) நிரப்பிக்கொள்ளும். டிரில்லை மெதுவாகச் சுற்றுங்கள், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். வேகமாக ஓட்டினால் சூடேறி விளிம்பு சில்லு சில்லாகத் தெறிக்கும்.

கம்பியின் நீளம் இரண்டு துளை ஆழத்தையும் கூட்டினால் வருவதைவிட 1 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கம்பி முட்டி, மூட்டு வாய் திறந்தே நிற்கும். கம்பியை உப்புத்தாளால் கீறிச் சொரசொரப்பாக்கி, பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பிறகு மெதுவாக இறுகும் எபாக்சியைச் சம அளவு எடுத்து இரண்டு நிமிடம் கலக்கி, பல்குச்சியால் துளைக்குள் விடுங்கள். உடைந்த முகத்தில் மெல்லிசாகத் தடவி, ஓரத்தில் 1 மி.மீ. விட்டுவிடுங்கள். அழுத்தி டேப் சுற்றி, கை கீழே இழுக்காதபடி சிலையை ஒரு டப்பா மணலில் சாய்த்து நிறுத்துங்கள். 24 மணி நேரம் மூட்டை அசைக்கக் கூடாது. பிதுங்கிய பசையை ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் பெயின்ட் மேலெல்லாம் பரவும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் பிளேடால் சீவினால் சுத்தமாக வரும்.

கேள்வி: 5 நிமிட எபாக்சி போட்டால் என்ன குறை?

சின்னச் சில்லு, எடை தாங்காத பூ, இலை என்றால் தாராளமாகப் போடலாம். எடை தாங்கும் மூட்டுக்கும் வெளியில் வைக்கும் சிலைக்கும் வேண்டாம். மெதுவாக இறுகுவதைவிட வலிமையும் ஈரம் தாங்கும் திறனும் குறைவு. கையைச் சரியாகத் திருப்பி நிறுத்துவதற்குள் கெட்டியாகிவிடும் என்பது இன்னொரு தொல்லை.

கேள்வி: இரண்டு விரலும் மூக்கு நுனியும் தொலைந்தே போய்விட்டன. எதை வைத்துச் செய்வது?

எபாக்சி புட்டி. இரண்டு பாகத்திலும் சம அளவு எடுங்கள். மேலே காய்ந்த தோல் இருந்தால் கிள்ளி எறியுங்கள், அது கட்டியாகவே நிற்கும். நிறக்கோடு மறையும்வரை பிசையுங்கள், கையுறையோடு. எபாக்சி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும்.

விரலுக்கு 1 மி.மீ. கம்பியைப் பதித்து அதன்மேல் புட்டியை ஏற்றுங்கள். முதல் அடுக்கைத் தண்ணீர் தொடாமல் அழுத்தித் தேய்க்க வேண்டும். நடுவில் ஈரம் இருந்தால் பிடிக்காது. மேற்பரப்பை வழவழப்பாக்க மட்டும் விரலை நனையுங்கள். அசலைவிட இம்மியளவு பெரிதாகச் செய்து, காய்ந்தபின் தேய்த்துக் குறையுங்கள். நகம், மடிப்புக் கோடுகளைப் புட்டி பாதி இறுகியதும் ஊசியால் கீறினால் கூர்மையாக விழும். இளசாக இருக்கும்போது கீறினால் ஓரம் பிசிறடிக்கும். ஒரு நாளில் ஒரு விரல் போதும், இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது நசுங்கும்.

கேள்வி: ஒட்டிப் பெயின்ட் அடித்த பிறகும் கோடு தெரிகிறது.

பெயின்ட் கோட்டை மறைக்காது, எடுத்துக்காட்டும். புட்டி நிரப்பி, 240, 400, 600 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூட நைசு) வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். உலரத் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குப் போகும், முகக்கவசம் போட்டே ஆக வேண்டும். பிறகு சாம்பல் நிற ப்ரைமரை மெல்லிசாக ஒரு கோட். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், தப்பிய பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். விரல் கண்டுபிடிக்காததை அந்த வெளிச்சம் கண்டுபிடிக்கும்.

கேள்வி: பழைய வெண்கல நிறச் சிலை. தங்கப் பெயின்ட் அடித்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாக நிற்கிறது.

அந்த நிறம் ஒரே கோட்டில் வந்ததில்லை. அடியில் அடர் பழுப்போடு கொஞ்சம் கறுப்பு, நன்றாகக் காயட்டும். அதன்மேல் உலோகப் பெயின்டைத் தூரிகையில் தொட்டு, பெரும்பாலானதைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள். கடைசியாகப் பழுப்பை நீர்க்கக் கரைத்துப் பள்ளங்களில் விட்டு, மேலே இருப்பதை ஒற்றி எடுங்கள். ஒட்டிய கோட்டோடு நிறுத்தாமல் இரண்டு விரற்கடை தாண்டி, கிழிந்த ஸ்பாஞ்சால் தட்டித் தட்டிக் கரையுங்கள்.

அக்ரிலிக் பெயின்ட் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு சாயல் கறுக்கும். அட்டையில் தடவி, காய வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்ட பிறகு சிலையில் வையுங்கள். ஒட்டு வேலையைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் நிறமல்ல, பளபளப்பு. அதற்குத்தான் கடைசியில் மேட் வார்னிஷ்.

ஒரு விதிவிலக்கு: கீறினால் உள்ளேயும் உலோகம் மின்னினால், அது ரெசினிலேயே வெண்கலத் தூளைக் கலந்து வார்த்தது. அதற்குப் பெயின்ட் ஒத்துப்போகாது. வெண்கலத் தூளை எபாக்சியில் குழைத்து நிரப்பி, காய்ந்தபின் 0000 எண் ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) தேய்த்து மெழுகு பூசுங்கள்.

கேள்வி: தோட்டத்துச் சிலையை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் வருகிறது. விரிசலை அடைத்துவிடலாமா?

அப்படியே அடைத்தால் தண்ணீரைச் சிறைவைப்பதுதான் மிச்சம். பெயின்ட் கொப்புளிக்கும். உறைபனி விழும் இடமாக இருந்தால், தண்ணீர் உறையும்போது சுமார் 9% விரிந்து சிலையையே பிளக்கும். அடியில் 6 மி.மீ. துளை போட்டு வடியவிட்டு, நிழலில் சில நாள் உலர்த்துங்கள். விரிசலை 2, 3 மி.மீ. அகலத்துக்கு ‘வி’ வடிவில் கீறித் திறந்து புட்டி நிரப்புங்கள். மயிரிழை விரிசலின் மேல் பூசிய புட்டி உள்ளே போகாது. வெயிலில் எபாக்சி மஞ்சளித்துச் சுண்ணாம்பாகப் பொரியும், ஆகவே பெயின்டும் புறஊதா தாங்கும் வார்னிஷும் கட்டாயம். அடித் துளையை மட்டும் மூடாதீர்கள்.

கேள்வி: சீக்கிரம் காயட்டும் என்று எபாக்சியில் ஹார்டனரை (இறுக வைக்கும் பாகத்தை) கூடுதலாக ஊற்றினேன். மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை.

இனியும் போகாது. பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனர் வெறும் தூண்டுகோல், எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும், கூட்டினால் வேகம் கூடும். எபாக்சியில் அப்படியல்ல, இரண்டு பாகமும் குறித்த விகிதத்தில் சேர்ந்தால்தான் இறுகும். மிஞ்சியது மிஞ்சியதாகவே நிற்கும். முழுவதையும் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகக் கலந்து போடுங்கள். பிசுபிசுப்பின்மேல் இன்னொரு கோட் போட்டு மூடினால் அதுவும் சேர்ந்து வழுக்கும்.

கேள்வி: இதே முறையில் மீன்தொட்டிச் சிலையைச் சரிசெய்யலாமா?

ஒட்டலாம், பெயின்ட் அடிக்கக் கூடாது. மீன்தொட்டிக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்கும் எபாக்சி புட்டியை மட்டும் வாங்கி, அதில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிட்டு, கழுவி உள்ளே வையுங்கள்.