அரசியல் அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்ததும் முதலில் கவனிக்க வேண்டியவை எவை?

முதலில் பழைய பணி. வேறு கல்லூரியில் இருந்துகொண்டு விண்ணப்பித்திருந்தால், அது முறையான வழியில், அதாவது அங்குள்ள நிர்வாகத்தின் மூலம், போயிருக்க வேண்டும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைகளில் முந்தைய பணிக்காலத்தைச் சேர்த்துக்கொள்ள இதுவும் ஒரு நிபந்தனை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பணிவிடுப்புச் சான்று, நியமன ஆணை, சம்பளச் சான்று மூன்றையும் சேரும் வாரத்திலேயே கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிவிடுங்கள். பத்தாண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

தகுதிகாண் காலம் ஓராண்டு. தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு நீட்டலாம். வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. புதியவர் என்பதாலேயே அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு, பன்னாட்டு உறவுகள் என நான்கு தாள்கள் வரை தலையில் கட்டிவிடுவார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பருவத்துக்கு இரண்டு தாள் போதும் என்று துறைத்தலைவரிடம் தயங்காமல் கேளுங்கள். மணிக்கணக்கு அதேதான், தயாரிப்பு பாதியாகும்.

முனைவர் பட்டம் இருந்தால் 10ஆம் சம்பள நிலையிலிருந்து 11க்கு 4 ஆண்டில் போகலாம், எம்.ஃபில். மட்டும் என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் 6. அந்த உயர்வுக்கு 21 நாள் அறிமுகப் பயிற்சியும் (ஓரியன்டேஷன்) வேண்டும், கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறியாளராக இருக்க, யுஜிசியின் 2022 விதிகளின்படி, முனைவர் பட்டத்தோடு குறைந்தது 3 ஆய்வுக் கட்டுரைகள் தேவை. உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் 4 பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது.