செஷின்: ஆற்றங்கரையில் இரண்டாகப் பிளந்த ஊர்

மத்திய ஐரோப்பாவில், இன்றைய போலந்து–செக் எல்லையை ஒட்டிய சைலீசியாவின் ஒரு சிற்றூர் எத்தனை ஆட்சிகளைக் கண்டது என்ற கேள்விக்கு, ஒல்சா ஆற்றங்கரையிலுள்ள செஷின் நல்ல விடை தரும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து அரச மரபான பியாஸ்ட் மரபினரின் தனிச் சிற்றரசாக உருவாகி, 1327இல் பொகீமிய (இன்றைய செக் பகுதி) மன்னரின் மேலாண்மையை ஏற்ற இவ்வூர், 1653இல் அம்மரபின் கடைசி ஆட்சியாளரான எலிசபெத் லுக்ரேசியா மறைந்தபின் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபு அரசரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. 1742இல் சைலீசியாவின் பெரும்பகுதியை ஜெர்மானிய அரசான பிரஷ்யா பறித்துக்கொண்டபோதும் இது ஆஸ்திரியாவிடமே தங்கியது.

உண்மையான சிக்கல் 1918இல் ஆஸ்திரியப் பேரரசு சரிந்தபின் தொடங்கியது. போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் உரிமை கோரி, 1919 ஜனவரியில் ஏழு நாள் போரிட்டன. 1920 ஜூலையில் வல்லரசுகளின் தூதர்கள் ஆற்றையே எல்லையாக்கியதில், கோட்டைக் குன்றும் சந்தைச் சதுக்கமும் போலந்துக்கும், ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் போயின. மேட்டு ஊரிலிருந்து பாலம் கடந்து ரயில் நிலையம் வரை 1911 முதல் ஓடிய டிராம் வண்டி, நடுவில் எல்லை முளைத்ததால் 1921இல் நின்றது. வரைபடத்தில் இழுத்த கோடு அன்றாட வாழ்வை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1938 அக்டோபரில் போலந்து மறுகரையையும் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே ஜெர்மனி இரு கரைகளையும் விழுங்கியது. 1945இல் பழைய எல்லை திரும்பியது. 2007 டிசம்பரில் போலந்தும், செக்கோஸ்லோவாக்கியா பிரிந்து உருவான செக் குடியரசும், உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேர்ந்தபின், அந்தப் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. குன்றின்மேலுள்ள வட்டவடிவப் புனித நிக்கோலஸ் தேவாலயத்தை, போலந்தின் 20 ஸ்லோட்டி நோட்டின் பின்புறத்தில் இன்றும் காணலாம்.