காரைக்குடியில் ஒரு பழைய கைத்துப்பாக்கி விலைக்கு வருகிறது. சில பாகங்களைப் புதிதாக மாற்றியிருக்கிறார்களாம். வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வாய்ப்பக்கம் வெடிமருந்து கெட்டிக்கிற பழைய கைத்துப்பாக்கி, பித்தளைப் பூண் போட்டது, குதிரை (விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கிற சுத்தியல்), ஸ்பிரிங், கட்டை (குழலைத் தாங்குகிற மரம்) மூன்றும் புதிது, "ஒர்க்கிங் கண்டிஷன்" என்கிறார்கள். மீதியை ஊகித்துக்கொள்கிறேன். கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ பழைய வீட்டைச் சீர்படுத்துகிறீர்கள். பட்டாலைச் சுவரில் ஐயா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த "ஒர்க்கிங் கண்டிஷன்" என்ற சொல் காதில் விழுந்ததுமே கையைப் பையிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

ஏன் என்றால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது. வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்று எதுவாக இருந்தாலும் சரி, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால் அந்தச் சட்டம் அதைத் தொடாது. "ரிப்பேர் செய்தாலும்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நூறு வருஷமாகப் பரணில் கிடந்து, அடிப்பக்கம் துருவேறி, குழலில் ஓட்டை விழுந்த ஒரு துண்டு இரும்புக்கு இந்த விலக்கைக் கேட்டு வாதாடவாவது இடமுண்டு. அதற்கு ஸ்பிரிங் போட்டு, குதிரை மாட்டி, "டக்"கென்று அடிக்கிற மாதிரி ஆக்கிவிட்டால், விற்கிறவரே அது ரிப்பேருக்கு அடங்கும் என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டார். பழசானால் உரிமம் வேண்டாம் என்பது கடைப்பேச்சு. வாய்வழி கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். காட்டோரக் கிராமங்களில் பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. விற்கவும் உரிமம் வேண்டும். கதவும் தூணும் எனாமல் பாத்திரமும் விற்கிற கடைக்கு அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் வக்கீல் இல்லை. "எங்க பெரியப்பா வீட்டுல நாலு தொங்குது, யாரும் கேட்டதில்ல" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கேட்காத வரைக்கும் யாரும் கேட்டதில்லைதான். நீங்கள் செய்ய வேண்டியது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், இது விலக்கில் வருகிறதா இல்லையா என்று ஆயுதம் தெரிந்த அதிகாரி பார்த்து எழுத்தில் தந்த தாள் இருக்கிறதா என்று கேட்பது. உரிமம் கொடுக்கிற இடம் கலெக்டர் அலுவலகம். காரைக்குடிக்கு சிவகங்கை, பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை. தாள் இல்லை, வாங்கித் தரவும் மாட்டேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள், பழம்பொருள் எதையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது.

தாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பொருளுக்கு வருவோம். கையில் எடுத்ததும் முதல் வேலை, அது கெட்டித்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பது. பழைய வாய்வழித் துப்பாக்கிகளில் மருந்தும் ரவையும் உள்ளேயே தங்கிப்போவது சகஜம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, கோட்டை வாய் விளிம்புக்கு நேராக வைத்துக் குழலின் மேலேயே படுக்கப் போடுங்கள். குச்சியின் நுனி, நெருப்புப் போகிற துளை வரைக்கும் வர வேண்டும். இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. பொட்டு மண்ணாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியால் நோண்ட வேண்டாம், ஆசாரியிடம் கொடுத்துச் சூடு காட்டவும் வேண்டாம். போலீசுக்குச் சொல்லுங்கள், அவர்களிடம் அதற்கு ஆள் உண்டு.

இனி மாற்றிய பாகங்கள். எல்லா மாற்றமும் ஒரே மாதிரி இல்லை. மருந்து இடிக்கிற கம்பி தொலைந்துபோவது வழக்கம், புதிது போட்டிருந்தால் விலை பெரிதாகக் குறையாது. கேப்பு என்பது குதிரை அடித்ததும் வெடித்து மருந்துக்கு நெருப்பு வைக்கிற சின்னச் செம்பு மூடி; அதை மாட்டுகிற குழாய் முனையான நிப்பிள் தேயக்கூடிய சாமான், அந்தக் காலத்திலேயே மாற்றி மாற்றிப் போட்டதுதான். ஸ்பிரிங்கும் அப்படித்தான். குதிரை மாறியிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குழலும் லாக் தகடும் (குதிரையும் ஸ்பிரிங்கும் பூட்டியிருக்கிற பக்கத்துத் தகடு) மாறியிருந்தால் அது வேறு துப்பாக்கி. கட்டை மாறியிருந்தால், என் கணக்கில் பாதி விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

கட்டை விஷயத்தை நம் ஊரில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வகைத் துப்பாக்கிகளுக்கு இங்கிலாந்தில் போட்டது வால்நட் மரம். செட்டிநாட்டில் இடித்த வீட்டுச் சட்டம், நிலை என்று பர்மாத் தேக்குக்குப் பஞ்சமே இல்லை. தேக்கில் கைவந்த ஆசாரிகளும் இருக்கிறார்கள். விளைவு, உடைந்த கட்டையை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதற்குப் பதிலாகத் தேக்கில் புதிதாகவே இழைத்துவிடுகிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும், பொருள் போய்விடும். கண்டுபிடிக்க லாக்கைக் கழற்றச் சொல்லுங்கள். குதிரையைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்து இரண்டு திருகாணிகளையும் நாலைந்து சுற்று தளர்த்தி, அவற்றின் தலையில் லேசாகத் தட்டினால் லாக் வெளியே வந்துவிடும். இதற்கு மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். லாக் உட்கார்ந்திருந்த குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கட்டை என்றால் எண்ணெயும் மருந்துக் கரியும் ஊறிக் கன்னங்கரேலென்று இருக்கும், உளியின் தடம் மழுங்கியிருக்கும். புதுக்கட்டை வெளியே பிரெஞ்ச் பாலிஷில் நூறு வயசு காட்டும். குழிக்குள்ளே தேன் நிறத்தில் பளிச்சென்று, மூக்கை வைத்தால் அரக்கு வாசனையோ தேக்கு வாசனையோ வரும். சாயம் பூசியிருந்தால் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்ததும் பஞ்சில் ஏறிவிடும்.

லாக்கைக் கையில் வைத்திருக்கும்போதே திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியையும் கையால் அரத்தில் ராவிப் பொருத்தினார்கள். ஒன்றின் திருகாணி இன்னொன்றுக்குச் சேராது. அதனால் கலந்துபோகாமலிருக்க, சேர்ந்த பாகங்களில் அரத்தால் ஒரே மாதிரிக் கீறல் போட்டு வைப்பார்கள்: தகட்டின் உட்புறம் மூன்று கீறல் என்றால், குதிரையின் உட்புறமும் திருகாணித் தண்டும் மூன்று கீறல். எதில் கீறல் இல்லையோ, எதில் எண்ணிக்கை வேறோ, அது வந்து சேர்ந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும், தடவிப் பார்த்தால் நகத்துக்கே தட்டுப்படும். திருகாணி ஒவ்வொன்றையும் பாருங்கள். பழைய மரத்திருகாணியின் நுனி மழுங்கலாக இருக்கும், கூர்நுனி இயந்திரத் திருகாணி 1840களுக்குப் பிறகு வந்தது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற நாலு மில்லிமீட்டர் போல்ட் உள்ளே இருந்தால் விற்பவர் வெட்கப்பட வேண்டும்.

மாற்றிய குதிரை சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க, கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். அதன் குழி நிப்பிளின் நடுவில் உட்கார வேண்டும், ஓரத்தில் இடிக்கக் கூடாது. விசையை இழுத்து வெறுமனே அடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நிப்பிள் சிதையும், பழைய குதிரையின் கழுத்து முறியும்.

இன்னொரு வேலையும் நடக்கிறது. சக்கிமுக்கிக்கல் வைத்துச் சுடும் துப்பாக்கிகள் பலவற்றை 19ஆம் நூற்றாண்டிலேயே கேப்புக்கு மாற்றினார்கள். லாக் தகட்டில் பழைய மருந்துக் கிண்ணமும் அதன் ஸ்பிரிங்கும் இருந்த துளைகளை அடைத்து ராவிய தடம் தெரியும். அது நேர்மையான மாற்றம், அதற்கென்று ஒரு சரித்திரம் உண்டு. ஆனால் கல் துப்பாக்கிக்கு விலை அதிகம் என்பதால் இப்போது திரும்பக் கல்லுக்கே மாற்றி விற்கிறார்கள். குழலின் பக்கவாட்டில் அடைத்த துளை, அதற்குள் புதுத்துளை, மற்ற இரும்பெல்லாம் பழுப்பாக இருக்க மருந்துக் கிண்ணம் மட்டும் வெளுப்பு: இவை மூன்றும் சேர்ந்தால் அதுதான். துருவையும் நம்ப வேண்டாம். வயசான இரும்பு கருநாவல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். ஆசிட் ஊற்றிய துரு எங்கும் ஒரே சீராக ஆரஞ்சாக, திருகாணியின் வெட்டுக்குள்ளும் ஏறியிருக்கும். காந்தமும் எடுத்துப்போங்கள், பித்தளைப் பூண் என்று சொன்னது ஒட்டினால் முலாம்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் பக்கத்தில் எந்தத் துப்பாக்கியைக் காட்டினாலும் "மருது பாண்டியர் காலத்துது" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அடித்தால் வெடிக்கிற ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை வாங்கியதே 1807. செம்புக் கேப்பு பரவியது அதற்கும் பிறகு. அப்படியிருக்க, கேப்புக்கென்றே செய்த துப்பாக்கி எப்படி மருது கையில் இருந்திருக்கும்? கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் அப்படித்தான் கதை சொல்லிவிடும். 1808 வரை இதய வடிவத்துக்குள் எழுத்துகள், பிறகு கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கம். சிங்கம் இருந்தால் 1801 இல்லை. "டவர்" (லண்டன் டவர் ஆயுதக் கிடங்கின் முத்திரை) என்று வெட்டியிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அதை அலங்காரப் பிரதிகளிலும் வெட்டுகிறார்கள். பிரதியில் எழுத்தின் ஓரம் கூராக இருக்கும், உண்மையானதில் தேய்ந்து தகட்டோடு கலந்திருக்கும். அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பகுதிக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே பார்த்த பிறகு கடையில் பாதிப் பொருள் தானாகவே உதிர்ந்துவிடும்.

எல்லாம் ஒத்துவந்து வாங்கிவிட்டால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எமரி காகிதம் வேண்டவே வேண்டாம். லேசான மெஷின் ஆயிலைத் துணியில் தொட்டு ஒற்றினால் போதும். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துப் பிசினாகிவிடும். சுண்ணாம்புச் சுவரில் நேராகப் படும்படி மாட்டாமல் இடையில் பலகை கொடுங்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரம் இரும்பில் ஏறும்.

விலை பேசும்போது ஒன்றைக் கேளுங்கள்: "அண்ணே, கழற்றின பழைய சாமான் எங்கே?" உடைந்த குதிரை, முறிந்த ஸ்பிரிங், பிளந்த கட்டை எல்லாம் ஏதாவது பிஸ்கட் டின்னில் கிடக்கும். அவையும் கூடவே, அதே தாளில் சேர்ந்து வந்தால் வாங்குங்கள். புதுக்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பிளந்த பழைய கட்டையை ஒட்டி அதிலேயே பொருத்தலாம். ஸ்பிரிங் இல்லாமல் விட்டுவிடலாம். சுவரில் மாட்ட ஸ்பிரிங் எதற்கு?