பல்லுக்கொழுக்கட்டை கொட்டியாயிற்று, இனி என்ன கொடுப்பது?

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பற்கள் மட்டும் முளைத்திருக்கின்றன. சென்ற மாதம், முதற்பல் முளைத்ததற்கான சடங்காக, அவன் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் முறுக்கு, பிஸ்கட், கச்சான் (நிலக்கடலை) என்று எதையாவது அவன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மாமியோ கடைவாய்ப் பல் வரும்வரை எல்லாவற்றையும் அரைத்தே கொடுக்க வேண்டும் என்கிறார். போன கிழமை ஓர் அப்பிள் துண்டைக் கடித்து, ஓங்காளித்து, முகம் சிவந்துபோனான். அதன் பிறகு எனக்கும் பயமாக இருக்கிறது. அவனோ கரண்டியைத் தட்டிவிட்டுத் தானே எடுத்து உண்ணத் துடிக்கிறான். நான் என்ன கொடுக்கலாம்?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: அன்புத் தங்கைக்கு,

மகன் கரண்டியைத் தட்டிவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பத்து மாதத்துப் பிள்ளை தானே எடுத்து உண்ண நினைப்பது நல்ல வளர்ச்சியின் அடையாளம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருளைப் பொறுக்கும் திறன் இந்த வயதை ஒட்டித்தான் கைவருகிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுங்கள். எதைக் கொடுப்பது என்பதை மட்டும் நீங்களே தீர்மானியுங்கள். வந்துபோகும் விருந்தினரிடம் விட்டுவிட வேண்டாம்.

முன்பற்கள் உணவைக் கடிக்கும், அரைக்காது. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 13 முதல் 19 மாதங்களுக்குள்தான் முளைக்கத் தொடங்கும். அதுவரை அந்த வேலையைச் செய்வது முரசு, அதாவது ஈறு. நன்றாக வெந்த பூசணியையும் கனிந்த வாழைப்பழத்தையும் நசுக்க அந்த முரசுக்கு வலு உண்டு. மாமி சொல்வதுபோலக் காத்திருந்தால், மென்று பழக வேண்டிய மாதங்கள் வீணாகக் கழிந்துவிடும். ஒன்பது, பத்து மாதங்களுக்குப் பிறகும் கூழாகவே உண்டு பழகிய பிள்ளைகளில் பலர், பின்னர் கட்டியான உணவைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஆனால் மாமியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பல்லே இல்லாத பிள்ளை அப்பிள் துண்டைச் சூப்பிக்கொண்டிருக்கும். இரண்டு பல் முளைத்த பிள்ளை அதைச் சுரண்டி ஒரு துண்டைப் பெயர்த்துவிடும். பெயர்த்ததை அரைக்க வாயில் எதுவும் இல்லை. உங்கள் மகனுக்கு நடந்தது இதுதான். பச்சைக் கரட், கொய்யாக்காய், காய்ப்பதத்து மாம்பழம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே எதைக் கொடுக்கும் முன்னும் உங்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். நசுங்கினால் அவன் முரசும் நசுக்கும். நசுங்காவிட்டால் இன்னும் வேகவிடுங்கள். வேகவிட முடியாததென்றால் பிறகு ஒரு காலம் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வன்னி வீட்டு வளவிலும் அடுப்படியிலும் இருப்பதே போதும். வாழைப்பழத்தை வட்டமாக வெட்டாதீர்கள்; தோலை உரித்து நுனியில் விரலை வைத்து அழுத்தினால் அதுவே நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். பப்பாசிப்பழத்தை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கலாம். வழுக்கினால் கொஞ்சம் குரக்கன் மாவை அவித்து அதில் புரட்டிவிடுங்கள், பிடி கிடைக்கும். வற்றாளைக்கிழங்கும் பூசணியும் நீராவியில் அவித்தால் அருமையான கைத்தீன். மரவள்ளியை நன்றாக அவித்து, அவித்த நீரைக் கொட்டிவிட்டு, நடுவிலுள்ள நாரை முழுவதும் உருவி எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பனங்கிழங்கு இப்போது வேண்டாம். எவ்வளவு அவித்தாலும் தும்பு தும்பாக வரும், அந்தத் தும்பைப் பல்லில்லாத வாய் சமாளிக்காது.

மெதுவான தோசையை நாடாபோல வெட்டிக் கொடுங்கள். இடியப்பத்தை உறைப்பும் உப்பும் சேர்க்காத பால்சொதியில் நனைத்துச் சிறு கொத்துகளாக வையுங்கள். புட்டு உதிரியாக இருப்பதால் தொண்டையில் சிக்கும். வாழைப்பழத்தோடு பிசைந்து விரல் வடிவில் பிடித்துக் கொடுத்தால் அவனே தூக்கி உண்பான். உருண்டையாகப் பிடிக்க வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பழமும் கிழங்கும் மட்டும் போதாது. இந்த வயதில் தாய்ப்பாலிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்து பிள்ளையின் தேவைக்குப் போதுவதில்லை. ஊர்க்கோழி முட்டையை நன்றாக வேகவைத்து, அல்லது மெல்லிய பொரியலாக்கிப் பட்டைகளாக வெட்டிக் கொடுங்கள். அவித்த கோழி ஈரல் மிக மென்மையானது. கிழமைக்கு ஒரு முறை சிறிதளவு போதும். பயற்றை மசிய அவித்து, நசுக்கி, விரல் வடிவில் பிடிக்கலாம். மீன் கொடுக்கும்போது உங்கள் விரல்களாலேயே ஒவ்வோர் இழையாகப் பிரித்து முள் பாருங்கள். குளத்து மீனின் மெல்லிய முட்கள் கண்ணுக்குத் தப்பிவிடும், விரலுக்குத் தப்பாது. எருமைத் தயிரைக் கிண்ணத்தில் வைத்துக் கிழங்குத் துண்டைத் தோய்த்து உண்ண விடுங்கள். மேலெல்லாம் பூசிக்கொள்வான், பரவாயில்லை.

பத்து மாதத்தில் மூன்று நேர உணவும், இடையில் ஒன்று அல்லது இரண்டு சிறுதீனும், அவன் கேட்கும்போது தாய்ப்பாலும் இருந்தால் போதும். பிஸ்கட் வாயில் கரையும் என்பதற்காகத் தினமும் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. சீனி அதிகம், வயிறு நிறைந்துவிடும், அடுத்த வேளைச் சோற்றைத் தொடமாட்டான். முரசில் தேன் தடவச் சொல்கிறவர்களும் இருப்பார்கள். காட்டுத் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயதுக்கு முன் ஒரு துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

இனிக் கச்சானுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் கச்சான் விளைகிறது, முற்றத்தில் காய்கிறது, வற்றாப்பளைப் பொங்கலானாலும் மடுத் திருவிழாவானாலும் பை பையாக வீட்டுக்கு வருகிறது. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் கீழே கிடக்கும் ஒரு பருப்பு போதும், சிறிய மூச்சுக்குழாயை அடைத்துவிடும். முழுக் கச்சானை நாலைந்து வயது வரை கொடுக்கவே கூடாது. காயவைத்த இடத்தைக் கூட்டி முடிக்கும்வரை மகனை இறக்கிவிடாதீர்கள். அதற்காகக் கச்சானையே ஒதுக்கவும் தேவையில்லை. வறுத்து நன்றாக மாவாக்கிக் கஞ்சியில் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே இப்படிக் கொடுத்துவந்தால் கச்சான் ஒவ்வாமை வருவது பெரிதும் குறைகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் தடவை பகல் நேரத்தில், மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள். மகனுக்குக் கடுமையான கரப்பன் இருந்தாலோ, முட்டை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முழுக் கடலை, தேங்காய்ச் சொட்டு, முறுக்கு, சோளப்பொரி, டொபி, முழுத் திராட்சை ஆகியவையும் வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் மூத்த பிள்ளைகள் ஆசையோடு தம்பியின் வாயில் ஒன்றை வைத்துவிடுவார்கள்; பிசுபிசுப்பும் விதையும் சேர்ந்த பழம் அது, அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பல்லுக்கொழுக்கட்டை கொட்டவிருக்கும் மற்றத் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை: கொழுக்கட்டையில் பல்லாகக் குத்தும் தேங்காய்ச் சொட்டு, தலையில் கொட்டும்போது பிள்ளையின் மடியில்தான் விழுகிறது. கொட்டி முடித்தவுடன் மடியைத் துப்புரவாக்கிவிடுங்கள்.

அப்பிள் சம்பவத்தில் மகன் ஓங்காளித்தான், சிவந்தான், சத்தம் வந்தது. அது உடம்பு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் முறை. அப்படி நடக்கும்போது அருகில் இருந்து பாருங்கள், இருமவிடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தம் நின்றுபோவதுதான் ஆபத்து. அழ முடியாமல், இரும முடியாமல், உதடு நீலமானால் உடனே அவனை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கத் தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில், முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரல்களால் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். அதே வேளையில் இன்னொருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். தண்ணீர் பருக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, சோற்று உருண்டையை விழுங்கவைப்பது எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குப் பிறகு முறை சற்று மாறும்.

உண்ணும்போது அவன் நிமிர்ந்து இருக்க வேண்டும், கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ஏணையில் கிடக்கும்போதும், தவழ்ந்து திரியும்போதும், மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திப் போகும்போதும் கையில் தீனி கொடுக்காதீர்கள்.

மாமியோடு வாதாடவேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போங்கள். முதுகில் தட்டும் முறையை உங்கள் இருவருக்கும் செய்து காட்டும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். நீங்கள் வயலுக்கோ தோட்டத்துக்கோ போகும் நேரத்தில் பிள்ளைக்கு உணவு கொடுக்கப்போவது அப்பம்மாதானே.